நகரமைப்பாளரின் குரல் அவைக்கு எட்டுமா?

நாடாளுமன்றம் என்றவுடன் கூச்சலும் அமளியும் ஒத்திவைப்புமே பலரது நினைவுக்கு வருகின்றன. ஆனால், அவை மண்டபத்திலிருந்து சற்றுத் தள்ளி, இணைப்புக் கட்டடத்தின் குழு அறைகளில் ஆரவாரமில்லாத வேறொரு நாடாளுமன்றம் இயங்கி வருகிறது. அங்கே தொலைக்காட்சிக் கேமராக்கள் கிடையாது. பார்வையாளர் மாடம் கிடையாது. அவையில் எதிரெதிரே அமர்ந்து மோதிக்கொள்ளும் உறுப்பினர்கள் அங்கே ஒரே மேஜையைச் சுற்றி அமர்ந்து, அமைச்சகச் செயலாளர்களையும் துறை வல்லுநர்களையும் கேள்வி கேட்கிறார்கள். 1993-ல் துறைவாரியான நிலைக்குழுக்கள் அமைக்கப்பட்டதன் நோக்கமே இதுதான்.

வீட்டுவசதி, நகர்ப்புற விவகாரங்களுக்கான நிலைக்குழுவும் அவற்றுள் ஒன்று. மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர் என 31 உறுப்பினர்களைக் கொண்டது இக்குழு. அமைச்சர்கள் இதில் உறுப்பினராக முடியாது. நகர்ப்புற ஏழைகளின் வீட்டுப் பிரச்சினையை இக்குழு ஆராயும்போது, அரசு அதிகாரிகளுக்கு அப்பால் நகரமைப்பு வல்லுநர்கள், கல்வி நிறுவனப் பேராசிரியர்கள், தன்னார்வ அமைப்பினர் ஆகியோரையும் சாட்சியம் அளிக்க அழைப்பதுண்டு. அப்படி அழைக்கப்படும் நகரமைப்பாளர் ஒருவரின் நாள் எப்படிக் கழிகிறது என்பதைப் பார்த்தால், இந்த நாட்டில் வீட்டுவசதிக் கொள்கை எப்படி உருவாகிறது, எங்கே தடம் புரள்கிறது என்பது ஓரளவு விளங்கும்.

முதலில் செயலகத்திலிருந்து கடிதம் வருகிறது. ஆராயப்படும் பொருள் குறித்து எழுத்து வடிவில் கருத்துரை அனுப்பும்படி அதில் கேட்கப்படுகிறது. பின்னர் ஒரு நாள் குறிக்கப்படுகிறது. பாதுகாப்புச் சோதனைகளைக் கடந்து, அனுமதிச் சீட்டுடன் உள்ளே வரும் வல்லுநர், அழைக்கப்படும்வரை வெளியே காத்திருக்கிறார். உள்ளே நுழைந்ததும், மக்களவைத் தலைவரின் 58-வது வழிகாட்டுதல் அவருக்கு எடுத்துரைக்கப்படுகிறது. அவர் சொல்வது பகிரங்கச் சாட்சியமாகக் கருதப்படும், வெளியிடப்படவும் கூடும்; ரகசியமாக வைக்கும்படி கேட்டுக்கொண்டாலும் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு அது கிடைக்கக்கூடும் என்பதே அதன் சாரம். அதன் பிறகு சில நிமிஷங்கள் அவர் பேசலாம். உறுப்பினர்கள் கேள்விகளைத் தொடுக்கிறார்கள். ஒவ்வொரு சொல்லும் பதிவு செய்யப்படுகிறது. உடனே பதில் தர முடியாதவற்றுக்குப் பின்னர் எழுதி அனுப்பும்படி கூறப்படுகிறது. அத்துடன் அவருடைய நாள் முடிந்துவிடுகிறது.

அறையை விட்டு அவர் வெளியேறிய பிறகு அந்தச் சாட்சியத்துக்கு என்ன நேர்கிறது என்பதுதான் கேள்வி.

குழு தன் அறிக்கையை அவையில் வைக்கச் சில மாதங்கள் ஆகலாம், ஓராண்டும் ஆகலாம். அறிக்கையின் பரிந்துரைகள் அரசைக் கட்டுப்படுத்துவதில்லை. அவற்றுக்கு அறிவுறுத்தும் மதிப்பு மட்டுமே உண்டு என்று மக்களவை விதிகளே கூறுகின்றன. பரிந்துரைகளை ஏற்றதா, மறுத்ததா என்று அரசு பதில் தர வேண்டும். அதன் மீது குழு மற்றோர் அறிக்கை தர வேண்டும். இதற்குள் குழுவே மாற்றியமைக்கப்பட்டுவிடுகிறது. ஆண்டுதோறும் குழுக்களைப் புதிதாக அமைப்பதே தொடர்ந்து வந்த வழக்கம் என்பதால், சாட்சியத்தைக் கேட்ட உறுப்பினரே அதன் விளைவைப் பின்தொடர்வார் என்பதற்கு உத்தரவாதமில்லை.

இது வெறும் நடைமுறைப் பிரச்சினை அன்று. நகரமைப்பாளர் சொல்ல வந்த செய்தி, வீட்டுவசதி பற்றிய அரசின் பார்வைக்கே மாறுபட்டதாக இருக்கிறது என்பதில்தான் விஷயம் அடங்கியிருக்கிறது.

அரசுகள் வீட்டுப் பிரச்சினையை எண்ணிக்கையாகவே காண்கின்றன. எத்தனை வீடுகளுக்கு ஒப்புதல், எத்தனை கட்டி முடிப்பு, எத்தனை ஒப்படைப்பு என்று அமைச்சர்கள் பட்டியலிடுகிறார்கள். நகரமைப்பாளரோ வீடு எங்கே இருக்கிறது என்று கேட்கிறார். வேலை செய்யும் இடத்துக்கு எவ்வளவு தொலைவு? பேருந்து உண்டா? குடிநீரும் கழிவுநீர்க் குழாயும் வந்துவிட்டனவா? பிள்ளைகளுக்குப் பள்ளி எங்கே? இந்தக் கேள்விகளுக்கு விடையில்லாத வீடு, கணக்கில் வீடாக இருக்கும். குடும்பத்துக்கு வீடாக இருக்காது.

இதற்கு அரசின் ஆவணங்களே சான்று. 2012-ம் ஆண்டு பேராசிரியர் அமிதாப் குண்டு தலைமையிலான தொழில்நுட்பக் குழு, நகர்ப்புறங்களில் வீட்டுப் பற்றாக்குறை 1.878 கோடி என்று மதிப்பிட்டது. இதில் 95 சதவீதத்துக்கும் மேற்பட்ட பற்றாக்குறை பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினரையும் குறைந்த வருவாய்ப் பிரிவினரையும் சார்ந்தது. இன்னும் முக்கியமான செய்தி ஒன்று அந்த அறிக்கையில் உண்டு. பற்றாக்குறையில் சுமார் 80 சதவீதம் நெரிசலால் ஏற்பட்டது. அதாவது, கூரையே இல்லாதவர்களைவிட, ஓர் அறையில் இரண்டு குடும்பங்களாக முடங்கிக் கிடப்பவர்களே மிக அதிகம். அதே வேளையில், 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நகரங்களில் 1.1 கோடிக்கும் அதிகமான வீடுகள் பூட்டிக் கிடந்தன.

ஒருபுறம் நெரிசல், மறுபுறம் காலி வீடுகள். செங்கல்லும் சிமெண்டும் மட்டும் இந்த முரண்பாட்டைத் தீர்த்துவிடாது என்பதைப் புரிந்துகொள்ள வல்லுநராக இருக்க வேண்டியதில்லை. ஆனால், நிலம், போக்குவரத்து, வாடகை, உள்கட்டமைப்பு ஆகியவற்றை ஒன்றாகப் பொருத்திப் பார்ப்பதற்கு வல்லுநர் தேவை.

தில்லித் தமிழர்கள் இதை 2025-ல் நேரடியாகவே அனுபவித்தார்கள். ஜங்புரா பகுதியில் பாராபுல்லா கால்வாய் ஓரம் பல பத்தாண்டுகளாக இருந்த மதராசி முகாம், உயர் நீதிமன்ற உத்தரவின் பேரில் அவ்வாண்டு ஜூன் 1-ம் தேதி இடிக்கப்பட்டது. கால்வாய் அடைபட்டு மழைக்காலத்தில் வெள்ளம் தேங்குகிறது என்பது அதற்குக் காரணமாகக் கூறப்பட்டது. சுமார் 370 குடிசைகளில் 215 குடும்பங்களே மாற்று வீட்டுக்குத் தகுதி பெற்றவை என்று அறிவிக்கப்பட்டன. அவர்களுக்கு ஒதுக்கப்பட்டதோ நகரின் வடகோடியில், 40 கிலோ மீட்டர் தொலைவிலுள்ள நரேலா. ஜங்புராவிலும் சுற்றுப்புறக் குடியிருப்புகளிலும் வீட்டு வேலை செய்து பிழைத்த பெண்கள், நரேலாவிலிருந்து காலை எத்தனை மணிக்குப் புறப்பட்டால் வேலைக்கு வந்து சேர முடியும்? தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளிகளில் தமிழ் படித்து வந்த பிள்ளைகள் எங்கே போவார்கள்? நரேலாப் பகுதியில் அக் கழகத்துக்குப் பள்ளி கிடையாது.

தில்லி அரசின் 2015-ம் ஆண்டு குடிசை மறுவாழ்வுக் கொள்கை என்ன சொல்கிறது? இருக்கும் இடத்திலேயே, அல்லது 5 கிலோ மீட்டர் சுற்றளவுக்குள் மாற்று வீடு தர வேண்டும். விதிவிலக்கான சூழ்நிலையில் மட்டுமே அதற்கு அப்பால் தரலாம் என்று சொல்கிறது. அந்த விதி நகரமைப்பு அறிவின் அடிப்படையில் உருவானது. நடைமுறையில் விதிவிலக்கே விதியாகிவிடுகிறது. நரேலாவில் தில்லி வளர்ச்சி ஆணையம் கட்டிய வீடுகள் வாங்க ஆளின்றி ஆண்டுக்கணக்கில் கிடந்தவை என்பது இங்கே கவனிக்கத்தக்கது. பணம் உள்ளவர்கள் வேண்டாம் என்று ஒதுக்கிய இடத்துக்கு, பேருந்துக் கட்டணத்தையே கணக்குப் பார்க்க வேண்டியவர்கள் அனுப்பப்படுகிறார்கள்.

இது தில்லிக்கு மட்டும் உரிய நோய் அன்று. கூவம் கரையிலிருந்தும் அடையாறு கரையிலிருந்தும் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்ட சென்னைக் குடும்பங்களின் கதையும் இதுவே. யமுனைக் கரையின் புஷ்தா குடிசைகள் 2004-ல் அகற்றப்பட்டபோது பவானாவுக்கு அனுப்பப்பட்டவர்களின் கதையும் இதுவே. ஆட்சியில் இருந்த கட்சிகள் வேறு வேறு. மாநிலங்கள் வேறு வேறு. தவறு மட்டும் ஒன்றே.

மாற்று வழி இல்லாமல் இல்லை. தில்லி கால்காஜியில் குடிசைப் பகுதிக்கு அருகிலேயே அடுக்குமாடி கட்டி, 3,024 வீடுகளை 2022 நவம்பரில் பிரதமர் திறந்து வைத்தார். எத்தனை குறைகள் இருந்தாலும், பிழைப்பு இருக்கும் இடத்திலேயே வீடு தர முடியும் என்பதற்கு அது சான்று.

ஆனால், தேசியத் திட்டங்களின் போக்கு எதிர்த்திசையில் இருக்கிறது. 2005 டிசம்பரில் தொடங்கிய ஜவாஹர்லால் நேரு தேசிய நகர்ப்புறப் புனரமைப்புத் திட்டத்தில் 1,517 வீட்டுவசதித் திட்டங்களுக்கு ஒப்புதல் அளிக்கப்பட்டது. 2011 மார்ச் இறுதி வரை அவற்றில் 22 மட்டுமே முடிந்திருந்தன என்று மத்திய தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை சுட்டிக்காட்டியது. கட்டி முடிக்கப்பட்டவற்றிலும் பல, நகருக்கு வெளியே குடியேற ஆளின்றிக் கிடந்தன. கரோனா காலத்தில் புலம்பெயர் தொழிலாளர்கள் நெடுஞ்சாலைகளில் நடந்து ஊர் திரும்பிய பிறகுதான், 2020 ஜூலையில், அந்தக் காலி வீடுகளை வாடகைக் குடியிருப்புகளாக மாற்றும் திட்டம் ஒப்புதல் பெற்றது.

2015 ஜூனில் தொடங்கிய பிரதமரின் நகர்ப்புற வீட்டுவசதித் திட்டம், 2022-க்குள் அனைவருக்கும் வீடு என்று அறிவித்தது. தொடக்கத்தில் 2 கோடி எனச் சொல்லப்பட்ட தேவை, மாநிலங்கள் அளித்த பட்டியலின்படி பின்னர் 1.12 கோடியாகக் குறைந்தது. ஒப்புதல் அளிக்கப்பட்ட வீடுகளில் பெரும்பகுதி, சொந்த மனை வைத்திருப்பவர் தானே கட்டிக்கொள்ள ரூ. 1.5 லட்சம் உதவி பெறும் பிரிவைச் சேர்ந்தது. குடிசைகள் இருக்கும் இடத்திலேயே மறுசீரமைப்புச் செய்யும் பிரிவில் ஒப்புதல் பெற்றவை சுமார் 3 லட்சத்தைத் தாண்டவில்லை. மனை இல்லாத குடிசைவாசிக்கு அத் திட்டத்தில் கிடைத்த இடம் அவ்வளவுதான்.

இதை நாடாளுமன்ற நிலைக்குழு சொல்லாமல் விடவில்லை. 2023 மார்ச்சில் அளித்த அறிக்கையில், நிலமற்ற ஏழைகள் திட்டத்துக்கு வெளியே நிற்பதையும், நாடு முழுவதற்கும் ஒரே அளவான உதவித்தொகை பொருந்தாது என்பதையும், அடிப்படை வசதி இல்லாததால் கட்டிய வீடுகளில் மக்கள் குடியேறாமல் இருப்பதையும் குழு எடுத்துக்காட்டியது. வல்லுநர்கள் நெடுங்காலமாகக் கூறி வந்தவையே இவை. அதாவது, குழு கேட்டது, புரிந்துகொண்டது, எழுதியும் வைத்தது.

பின்னர் நடந்தது என்ன? 2024-ல் அத் திட்டத்தின் இரண்டாம் கட்டம் அறிவிக்கப்பட்டது. மேலும் ஒரு கோடிக் குடும்பங்களுக்கு ரூ. 2.30 லட்சம் கோடி அரசு உதவி என்றார்கள். சொந்த மனையில் கட்டுதல், கூட்டுறவில் கட்டப்படும் மலிவு வீடு, மலிவு வாடகை வீடு, வட்டி மானியம் என நான்கு பிரிவுகள் வைக்கப்பட்டன. வாடகை வீட்டுக்குத் தனி இடம் கிடைத்தது வரவேற்கத்தக்கதே. ஆனால், குடிசைகள் உள்ள இடத்திலேயே மறுசீரமைப்பு என்ற பிரிவு தனிப் பிரிவாக அதில் இல்லை. சரியாகச் செய்யப்படாத ஒன்றைத் திருத்துவதற்குப் பதிலாக, பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார்கள்.

இதற்கு அடிப்படைக் காரணம் ஒன்று உண்டு. வீட்டுவசதித் திட்டங்கள் மசோதாக்களாக அவைக்கு வருவதில்லை. அமைச்சரவை முடிவெடுக்கிறது, பத்திரிகைக் குறிப்பு வெளியாகிறது, திட்டம் தொடங்கிவிடுகிறது. நிலைக்குழுவோ மானியக் கோரிக்கையின்போதும், பின்னர் ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளும்போதும்தான் அதைத் தொடுகிறது. வரைபடம் முடிந்து, ஒப்பந்தம் கொடுத்து, அடித்தளமும் போட்ட பிறகு நகரமைப்பாளரை அழைத்துக் கருத்துக் கேட்பதற்கு இது சமம்.

மசோதாவாக வரும்போது விளைவு வேறாக இருக்கும் என்பதற்கு 2016-ம் ஆண்டு மனை வணிகம் ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டுச் சட்டமே உதாரணம். 2013-ல் அறிமுகமான அந்த மசோதா முதலில் நிலைக்குழுவுக்கும், பின்னர் மாநிலங்களவையின் தெரிவுக் குழுவுக்கும் சென்றது. வீடு வாங்குவோர், கட்டுநர்கள், வல்லுநர்கள் எனப் பலதரப்பினரும் கேட்கப்பட்டனர். 1,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட திட்டங்களுக்கே பதிவு கட்டாயம் என்றிருந்த வரம்பு, 500 சதுர மீட்டர் எனக் குறைந்தது இந்தப் பரிசீலனையின் ஊடாகத்தான். ஆனால், அத்தகைய பரிசீலனையே அருகி வருகிறது. 15-வது மக்களவைக் காலத்தில் 71 சதவீத மசோதாக்கள் குழுக்களுக்கு அனுப்பப்பட்டன. 17-வது மக்களவைக் காலத்தில் அது 16 சதவீதமாகச் சரிந்தது.

எதிர்வாதங்களும் உண்டு, அவற்றைப் புறக்கணிக்க இயலாது. நிலம் அரசியல் சட்டத்தின் மாநிலப் பட்டியலில் உள்ளது. நகரமைப்பு 74-வது திருத்தத்தின்படி நகராட்சிகளிடம் ஒப்படைக்கப்பட வேண்டிய பணிகளில் முதலாவது. அப்படியிருக்க, தில்லியில் ஒரு குழு முன் பேசி என்ன பயன் என்று கேட்கலாம். ஆனால், பணம் மத்திய அரசிடமிருந்து வருகிறது. அந்தப் பணத்தோடு நிபந்தனைகளும் வருகின்றன. அந்த நிபந்தனைகளில் "எங்கே கட்டுவது" என்பதும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று கேட்பதில் கூட்டாட்சிக்கு எந்தக் குந்தகமும் இல்லை.

நகரமைப்பாளர்களும் குற்றமற்றவர்கள் அல்லர் என்பது இரண்டாவது வாதம். அது உண்மையே. 1962-ல் வந்த தில்லியின் முதல் முழுமைத் திட்டம் முதல் இன்றுவரை, நகரைக் கட்டும் தொழிலாளி எங்கே வசிப்பான் என்ற கேள்விக்குப் போதிய நிலம் ஒதுக்காமலே வரைபடங்கள் வரையப்பட்டிருக்கின்றன. நிலம் ஒதுக்காமல் விட்டுவிட்டு, அவன் குடியிருக்கும் இடத்தை ஆக்கிரமிப்பு என்று வண்ணம் தீட்டியதும் இதே தொழில்தான். ஆகவே, வல்லுநர் சொல்வதே வேதவாக்கு என்று எவரும் கூற வேண்டியதில்லை. அவரையும் கேள்வி கேட்கட்டும். குடிசைவாசியையும் அதே மேஜையில் அமர்த்திக் கேட்கட்டும்.

மூன்றாவதாக, வல்லுநர்களே போதிய அளவில் இல்லை என்பது. 2021 செப்டம்பரில் நீதி ஆயோக் வெளியிட்ட அறிக்கை திடுக்கிட வைக்கிறது. நாட்டின் 7,933 நகர்ப்புறக் குடியிருப்புகளில் 65 சதவீதத்துக்கு முழுமைத் திட்டமே கிடையாது. மாநில நகரமைப்புத் துறைகளில் நகரமைப்பாளர்களுக்கு அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் 3,945. அவற்றிலும் 42 சதவீதம் காலி. தேவையோ 12,000-க்கும் அதிகம். தேசத்தின் நகரங்களுக்குத் திட்டமிட ஆள் இல்லை; இருக்கும் சிலரையும் காலம் கடந்து கேட்கிறார்கள்.

இந்த நிலையை மாற்றச் சட்டத் திருத்தம் ஏதும் தேவையில்லை. பெரும் செலவுள்ள வீட்டுவசதித் திட்டத்தை அமைச்சரவை ஏற்கும் முன், அதன் வரைவு நிலைக்குழுவுக்கு அனுப்பப்பட வேண்டும். 2014-ல் வகுக்கப்பட்ட சட்டமியற்றலுக்கு முந்தைய கலந்தாய்வுக் கொள்கை, சட்ட வரைவுகளை 30 நாள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கச் சொல்கிறது. பல்லாயிரம் கோடி ரூபாய் திட்டத்துக்கு அந்த மரியாதையாவது வேண்டாமா?

பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் தெரிவுக் குழுக்கள் தனி ஆலோசகர்களை நியமித்துக்கொள்கின்றன; அவற்றின் சாட்சிய அமர்வுகள் பெரும்பாலும் பகிரங்கமாக நடந்து ஒளிபரப்பாகின்றன. இங்கும், ரகசியம் தேவைப்படாத வீட்டுவசதி போன்ற பொருள்களிலாவது சாட்சியங்களை முழுமையாக வெளியிடலாம். ஒரு நகரமைப்பாளர் என்ன சொன்னார், அமைச்சகச் செயலாளர் என்ன பதிலளித்தார் என்பதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க மக்களுக்கு உரிமை உண்டு. குழு ஆய்வுப் பயணம் செல்லும்போது நரேலா, பெரும்பாக்கம் போன்ற மறுகுடியமர்வுப் பகுதிகளுக்கும் சென்று, அங்கேயே சாட்சியம் கேட்கலாம். குழுவின் அறிக்கை மீது ஆண்டுக்கு அரை நாளாவது அவையில் விவாதம் நடத்தலாம்.

தமிழகத்திலிருந்து செல்லும் உறுப்பினர்களுக்கு இதில் கூடுதல் பொறுப்பு உண்டு. நாட்டின் நகர்மயமான பெரிய மாநிலங்களில் முன்னணியில் இருப்பது தமிழகம். குடிசை மாற்று வாரியத்தை 1970-லேயே அமைத்து, பழைய இடத்திலேயே அடுக்குமாடி வீடு கட்டித் தருவதில் முன்னோடியாக இருந்ததும் இந்த மாநிலம்தான். பின்னர் கண்ணகி நகர் வழியில் சென்று பாடம் கற்றதும் இதே மாநிலம்தான். இரண்டு அனுபவங்களையும் கையில் வைத்திருப்பவர்கள், குழு அறையில் தொகுதிக் கோரிக்கையோடு மட்டும் நின்றுவிடலாகாது.

வீடு என்பது நான்கு சுவரும் ஒரு கூரையும் மட்டும் அன்று. வேலைக்குப் போய்த் திரும்பும் தொலைவும், பிள்ளை நடந்து போகும் பள்ளியும், நோய் வந்தால் ஓடிச் சேரும் மருத்துவமனையும் சேர்ந்ததே வீடு. இதை எடுத்துச் சொல்ல ஒரு நகரமைப்பாளருக்குக் குழு அறையில் சில நிமிஷங்கள் கிடைக்கின்றன. அந்தச் சில நிமிஷங்கள் திட்டம் முடிவாகும் முன் கிடைத்தால், மதராசி முகாம் குடும்பங்களைப் போல இன்னும் எத்தனையோ குடும்பங்கள் 40 கிலோ மீட்டர் தள்ளி வீசப்படாமல் தப்பும். அரசு மூன்றாம் கட்டத் திட்டத்தை அறிவிப்பதற்கு முன்பாவது நாடாளுமன்றம் இதைக் கேட்டு வாங்குமா?